வண்டி எடுக்கல

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் சீட்டில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அந்த நகரத்தின் தெருக்களில் மக்கர் பண்ணி நின்ற கார்களில் பாதியை அவள்தான் வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருப்பாள். அதுவும் எங்கிருந்து? மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஒரு பக்கமாய்ச் சாயும் சுழல் நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. வழியில் நின்றுபோன வண்டிக்காரர்கள் போன் போட்டால் எடுத்துப் பேசி, என்ன கோளாறு என்று விசாரித்து, பக்கத்தில் இருக்கும் வேனை அனுப்பி வைப்பது அவள் வேலை. ஆபீசில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் எப்போதோ மறந்துபோய்விட்டது. கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் முதல் மாடிப்படி கூட்டுகிற அம்மாள் வரை எல்லாருக்கும் அவள் டக்கக்கா.

அந்தப் பெயர் வந்த கதை பெரிய கதையொன்றும் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில், கம்பெனி சொல்லிக்கொடுத்தபடி, "சத்தம் ஏதாவது வருதா சார்?" என்று கேட்பாள். வருது என்பார்கள். என்ன சத்தம் என்றால், என்னமோ சத்தம் என்பார்கள். நடுரோட்டில் வெயிலில் நிற்கிறவன் வேறு என்ன சொல்வான்? அதை நம்பி பேட்டரியோடு ஒரு வேன் போகும், அங்கே போனால் ஸ்டார்ட்டர் மோட்டார் சிக்கியிருக்கும். திரும்பி வந்த வேன்காரர் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார். இப்படி நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருநாள், பொறுமை போய், லைனில் இருந்தவரிடம் சொல்லிவிட்டாள்: "சார், வண்டி எப்படிக் கத்துதோ, அப்படியே நீங்க கத்திக் காட்டுங்க."

அந்தப் பக்கம் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கனமான குரல், மிகுந்த மரியாதையோடு, "டகடகடகடக" என்றது.

பேட்டரி இறங்கிவிட்டது, வேறொன்றும் இல்லை என்றாள் இவள். போய்ப் பார்த்தால் அதுதான். அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் இவளுடைய முதல் கேள்வி, டக்கா டகடகவா என்பதுதான். சாவியைத் திருப்பினால் டகடகவென்று பொரிந்தால் பேட்டரியில் தெம்பில்லை, இல்லையென்றால் அதன் முனையில் கம்பி தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு டக் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, மோட்டார்தான் முரண்டு பிடிக்கிறது. சந்தேகம் வந்தால் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்வாள். விளக்கு மங்கினால் பேட்டரி, மங்காமல் முறைத்துக்கொண்டு எரிந்தால் மோட்டார். அவ்வளவுதான் சாத்திரம்.

இந்த நகரத்து மனிதர்கள் வாயால் கார் ஓட்டிக் காட்டியதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். துக்க வீட்டு வாசலில் நின்றுபோன ஒருவர், அழுகிறவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு டக் என்று கிசுகிசுத்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அது டக்கா டிக்கா என்று தொடங்கி, கல்யாணத்துக்கு முன்னால் நடந்த விவகாரம் வரைக்கும் போய்விட்டார்கள். இவள் ஊஞ்சலாடும் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு பேருக்கும் நடுவே பஞ்சாயத்து பண்ண வேண்டியதாயிற்று. பல்செட் மாட்டிய ஒரு பெரியவருக்கு எல்லாச் சத்தமும் 'ஷக்' என்றே வந்தது. ஒருத்தர் அச்சுஅசலாக, இரும்பு இரும்பில் தட்டுகிற மாதிரியே சொன்னார். கோளாறு அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் இவள், "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்டு வாங்கி ரசித்தாள். வேலை நேரத்தில் இந்த மாதிரி ஒரு சுகம் யாருக்குக் கிடைக்கும்?

வேன்காரர்களுக்கு அங்கே பெயர் கிடையாது, நம்பர்தான். அதில் ஏழாம் நம்பர் கொஞ்சம் வித்தியாசமான ஆள். மற்றவர்கள் வேலை முடிந்தால் முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார்கள். ஏழு மட்டும், "நீங்க சொன்ன டக் சரிதான் மேடம்" என்று தனியாக ஒரு போன் போடுவார். பிறகு அந்தப் போன் நீண்டது. மழை பெய்கிறதா என்று கேட்க ஒரு போன், மழை நின்றுவிட்டது என்று சொல்ல ஒரு போன். ஆபீசில் ஏதாவது வாங்கிக்கொள்ள மாடியேறி வந்தால் மட்டும் அவளைப் பார்க்க மாட்டார். சுவர்க் காலண்டரையே உற்றுப் பார்த்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க இறங்கிப் போய்விடுவார். கீழே போய் வேனில் ஏறியதும் போன் வரும்.

ஒருநாள் அப்படித்தான் போனில், வழக்கமில்லாமல் தொண்டையைக் கனைத்துவிட்டு, "நான் உங்க வீட்டுக்கு வந்து பேசலாமா?" என்று கேட்டார். இவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டது.

"இப்ப எந்த இடத்துல நிக்கிறீங்க சார்?" என்றாள்.

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும், பக்கத்து நாற்காலிப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் அளவுக்கு இவள் சிரித்தாள். சிரித்து முடித்து, வாங்க என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இந்த வயதில் உள்ளங்கால் கூசும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இனி அம்மாவிடம் வருவோம், ஏனென்றால் யாரும் அம்மாவைத் தாண்டி எங்கும் போக முடியாது.

அப்பா போனபிறகு அந்த வீட்டில் அம்மாவும் அவளும்தான். அண்ணன் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டான். விஷயத்தைக் கேட்டதும் அம்மா முதலில் சொன்னது, "போன்ல டக்குங்கறவனுக்கெல்லாம் பொண்ணக் குடுக்க முடியுமா?" என்பதுதான். அவர் போனில் டக் சொல்கிறவர் இல்லை, டக்கை நிறுத்துகிறவர் என்று இவள் விளக்கினாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் யாரோ எவரோ, சம்பளம் எப்படியோ, வேனிலேயே குடித்தனமோ என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் போட்டாள். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மகள் போய்விட்டால் சாயங்காலம் அந்த வீட்டில் யார் குரலும் கேட்காது என்ற பயம் அது. அது மகளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவளாலும் வாதாட முடியவில்லை.

கடைசியில் அண்ணன் நடுவே புகுந்து கெஞ்சியதில், அம்மா ஒரு படி இறங்கி வந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்துக்கு வரட்டும். "வந்தா பேசலாம். இன்னொரு நாள், இன்னொரு வாரம்னு இழுத்தா, இந்தப் பேச்சு அத்தோட சரி." அம்மா ஒன்று சொல்லிவிட்டால் மாற்ற மாட்டாள். அவள் 'சரி' என்று முடித்து வைத்த பேச்சுகள் அந்த வீட்டில் நிறையப் புதைந்து கிடக்கின்றன. அதில் அண்ணன் வாங்க நினைத்த மோட்டார் சைக்கிளும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா துடைத்த மேஜையையே துடைத்தாள். அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, பொருத்தமில்லாத இடத்திலெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சுபாவம் அது. சிரிக்க ஆரம்பித்தால் வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, தானாக நின்றால்தான் உண்டு. இவள் குளித்து, உடுத்தி, மறுபடி உடுத்தி, கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் சார்ஜுக்குப் போட்டிருந்த அவள் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். "ஆமா" என்றாள். "சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

கூடத்துக்கு வந்து, மேஜையில் அடுக்கியிருந்த கப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். அண்ணன் என்னவென்று கேட்டான்.

"அவர் வரல. இன்னும் வண்டியே எடுக்கலையாம்."

அண்ணனின் சிரிப்பு நின்றுபோயிற்று. டீ நேரம் தாண்டப் போகிறது, மனிதர் இன்னும் கிளம்பக்கூட இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவன் தட்டிலிருந்த கேக்கை எடுத்து, துக்கம் தாங்காமல் இரண்டு துண்டு சாப்பிட்டான். அம்மா முகத்தில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கண்ணாடி முன்னாலிருந்து வந்து சோபா நுனியில் உட்கார்ந்தாள். இத்தனை போன் போட்ட மனிதர் கடைசியில் இப்படிக் கவிழ்த்துவிட்டாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்புறம்தான் பொறி தட்டிற்று.

"அம்மா, அவர் என்ன சொன்னார்? ஒரு எழுத்து மாத்தாம சொல்லு."

"அதான் சொன்னேனேடி. 'வண்டி எடுக்கல'ன்னார். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! அந்த இரண்டு வார்த்தையை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறாள்? வீட்டில் இருக்கிறவர்களுக்கு வண்டி எடுக்கல என்றால் ஆள் வண்டியை எடுக்கவில்லை, கிளம்பவில்லை. ரோட்டில் நிற்கிறவர்களுக்கு வண்டி எடுக்கல என்றால் வண்டி எடுக்கவில்லை, இஞ்சின் பிடிக்கவில்லை. ஏழாம் நம்பர் தன் வாழ்நாள் முழுக்க ரோட்டில் நிற்கிற ஜாதி. அம்மா குரலைக் கேட்ட பயத்தில் தொழில் பாஷை தவிர வேறு பாஷை வந்திருக்காது.

"அவர் கிளம்பிட்டார்மா. வழியில நிக்கிறார்" என்று கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடி, சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கி வந்து அவருக்குத் திருப்பிப் போட்டாள்.

எடுத்தார். மூச்சு மட்டும் வாங்கிற்று. இவளுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபோது மனிதனுக்குப் பழக்கம்தான் துணை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீஸ் குரலை எடுத்து, வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று முறைப்படி கேட்டாள். அண்ணனுக்குச் சிரிப்பு மறுபடி தொற்றிக்கொண்டது.

ஏழாம் நம்பர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். பெண் கேட்கப் போகிறவன் கம்பெனி வேனில் போய் இறங்கக் கூடாதென்று, அக்கா வீட்டுக்காரரின் காரைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை வேறு. பூ வாங்க இறங்கியவர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால், வண்டி எடுக்கவில்லை. இடம் சரக்குக் கிடங்குகள் இருக்கும் தெரு, ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஈ காக்கை இல்லை, பூக்காரரும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். கருவிகளெல்லாம் வேனில். இத்தனை வருஷம் கற்ற வித்தையில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லையாம். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது இஞ்சின் என்பது மட்டும் தெரிகிறதாம்.

"சரி. சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது? வாயால சொல்லுங்க."

இந்தப் பக்கம் அம்மாவும் அண்ணனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டக்" என்றார் ஏழாம் நம்பர், மிகவும் சோகமாக.

"ஒரே டக்கா?"

"ஒரே ஒரு டக்."

அந்த டக்கில் அவள் மனம் அப்படியே கரைந்தது. காதலைச் சொல்ல வேறு ஆயிரம் வழி இருக்கலாம். அவளுக்கு அந்த ஒன்று போதும். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், விளக்கைப் போட்டுவிட்டுத் திருப்பச் சொன்னாள். மங்கவில்லை. ஹாரனும் கணீரென்று அடித்தது. அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான். தள்ளிக் கிளப்பலாமென்றால் அது தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற வண்டி, தள்ளினால் கை வலிக்குமே தவிர வண்டி எடுக்காது. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் குனிந்து மோட்டாரின் மேல் ஒரு தட்டுத் தட்டினால், சிக்கிய பல் விடுபட்டு ஒருவேளை எடுக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கே இருப்பது ஒருவர், அவருக்கும் இப்போது புத்தி வேலை செய்யவில்லை.

"நாம போவோம்" என்றான் அண்ணன், கார் சாவியைத் தேடிக்கொண்டே.

அம்மா உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். நீ எதற்கு என்று கேட்டான் அண்ணன்.

"யார் காதுல பூ சுத்தறாங்கன்னு நானே பார்க்கணும்."

வழியெல்லாம் அவளுக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும். மோட்டார் சிக்கிய வண்டி ஒரு நேரத்தைப் போல இன்னொரு நேரம் இருக்காது. சொந்தக்காரன் திருப்பும்போதெல்லாம் டக்கென்று நிற்கும். வேன்காரர் வந்து, எங்கே காட்டுங்கள் என்று திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல நொடியில் எடுத்துக்கொள்ளும். எத்தனை பேர் அப்படி வேன்காரர் முன்னால் அசடு வழிந்திருக்கிறார்கள்! இன்றைக்கு அம்மா முன்னால் அந்த வண்டி எடுத்துவிட்டால்? வராமல் இருக்க ஒரு பொய், அதற்கு ஒரு போன், அதற்கு இவளும் உடந்தை என்று அம்மா முடிவு கட்டிவிடுவாள். அத்தோடு சரி. இத்தனை வருஷமாக ஊரில் நின்ற வண்டியெல்லாம் எடுக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டவள், அன்றைக்கு முதல்தடவையாக ஒரு வண்டி எடுக்கவே கூடாது என்று சாமியிடம் மன்றாடினாள்.

கிடங்குத் தெருவில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் நின்றார். சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது, ஒரு கையில் பூங்கொத்து. இவர்களைக் கண்டதும் கும்பிட வேண்டுமென்று தோன்றிப் பூவோடு கும்பிட்டார், பாதிப் பூ பேட்டரி மேல் விழுந்தது. அம்மா அவரைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

"எங்க, அந்தச் சத்தம் வரட்டும் பார்ப்போம்."

அவர் சாவியோடு டிரைவர் பக்கம் போனார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். நீங்கள் திருப்பினால் உங்களுக்குப் பிடித்த சத்தம்தானே வரும், நானே திருப்புகிறேன் என்றாள். வாழ்நாளில் பஸ் ஜன்னலோரத்தைத் தவிர வேறு சீட்டு கேட்காத மனுஷி, சேலையை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவி எங்கே நுழைகிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டக்.

அண்ணன் கைதட்டினான். ஏழாம் நம்பர் ஒரு பெருமூச்சு விட்டார். இவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. வண்டி எடுக்காததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட கூட்டத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது.

அம்மா மறுபடி திருப்பினாள். டக். இன்னொரு முறை. டக். "நிஜமாத்தான் சொல்லிருக்கார்" என்றாள், யாரிடமோ போல. ஆனால் சீட்டை விட்டு இறங்கவில்லை.

ஏழாம் நம்பருக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் போன புத்தி திரும்பி வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, அண்ணன் காரிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்து வரச் சொல்லி, பானட்டுக்குள் தோள்வரைக்கும் கையை விட்டார். இவள் நடுவில் நின்றுகொண்டாள். அம்மாவுக்கு உள்ளே இருப்பது தெரியாது, அவருக்கு வெளியே நடப்பது தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து இவள்தான் குரல்.

"அம்மா, திருப்பி அப்படியே பிடி. நீங்க தட்டுங்க."

டக், ணங். ஒன்றும் இல்லை. மறுபடி. டக், ணங். தாளம் தப்பிற்று, அம்மா திருப்பியபோது அவர் தட்டவில்லை, அவர் தட்டியபோது அம்மா விட்டுவிட்டாள். ஒழுங்காகத் தட்டச் சொல்லு அவரை என்றாள் அம்மா. கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள் அவர்களை என்றார் அவர். நேற்றுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு பேர், சிரிப்பாய்ச் சிரிக்கிற அண்ணன் சாட்சியாக, ஒரு காரை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். இவளுக்கு அது இனித்தது. டக், ணங். டக், ணங், ணங்.

உறுமிக்கொண்டு இஞ்சின் பிடித்தது.

அம்மா சாவியை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். சீட் அதிர, கண்ணாடி அதிர, அம்மாவின் கன்னமும் லேசாக அதிர்ந்தது. யாரும் சொல்லாமலே ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மகள் பார்த்துப் பல வருஷமாகிறது.

"நான்தானே எடுத்தேன்?" என்று கேட்டாள்.

நீங்கள்தான் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஏழாம் நம்பர் பானட்டை மூடிவிட்டு ஒரு விஷயத்தை மட்டும் எச்சரித்தார். இது தட்டி எழுப்பிய வண்டி, அணைத்தால் மறுபடி எடுக்கும் என்று சொல்ல முடியாது, மோட்டார் மாற்றும்வரை அணைக்கக் கூடாது. வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து முழங்கை வரை கருப்பு. அம்மா அதைப் பார்த்தாள். டிரைவர் சீட்டை அவருக்கு விட்டுவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். இவள் பின்னால், மிச்சப் பூவோடு. அண்ணன் தன் காரில் பின்தொடர்ந்து வந்தான், காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு.

சிக்னலில் நின்றபோது அம்மாதான் ஆரம்பித்தாள். சம்பளம் கேட்பாள், வீடு வாசல் கேட்பாள் என்று இவள் பின்னால் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல எனக்குப் பேச்சுத்துணை இவ ஒருத்திதான்" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "சாயங்காலம் வந்ததும் இன்னிக்கு யார் யார் எப்படிக் கத்தினாங்கன்னு செஞ்சு காட்டுவா. அதக் கேட்டாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்."

இதை அம்மா ஒருநாளும் தன்னிடம் சொன்னதில்லையே என்று மகள் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

சிக்னல் விழுந்து, வண்டி நகர்ந்து, ஒரு திருப்பம் திரும்பியபிறகு அவர் சொன்னார்.

"எனக்கும் வேன்ல பேச்சுத்துணை இவங்கதாங்க. பாதி நாள் ஒரு சந்தேகமும் இல்லாமலே போன் பண்ணிருக்கேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான்" என்றாள் அம்மா. அது புகாரா, கணக்கா, சம்மதமா என்று பின்சீட்டில் இருந்தவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்தச் சத்தத்துக்கும் அர்த்தம் சொல்கிறவளுக்கு அம்மாவின் குரல் மட்டும் பிடிபடவில்லை.

வீடு வந்தது. வாசலில் வண்டியை நிறுத்தினார், இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். ஏழாம் நம்பர் ஸ்டியரிங்கை விடவில்லை. முகம் வாடியிருந்தது. அக்கா வீட்டுக்காரருக்கு நாளைக் காலையில் வேலைக்குப் போக வண்டி வேண்டும். இங்கே அணைத்தால் இங்கேயே நின்றுவிடும். உயிரோடு இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். இதையெல்லாம் திக்கித் திணறிச் சொல்லி முடித்து, கடைசியில் அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டார்.

"அதனால நான் இப்படியே கிளம்பறேங்க. இன்னொரு நாள் வரேன்."

இன்னொரு நாள். பாவம், அவருக்கு அம்மாவின் சட்டம் தெரியாது. அண்ணன் ஜன்னலோரம் வந்தவன் அதைக் கேட்டு அப்படியே நின்றான். இத்தனை தூரம் வந்து வாசலில் கவிழ்ந்துவிட்டதே என்று இவள் பூவை மடியில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தாள், ஆபீஸ் குரல்கூட வரவில்லை.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். சட்டைக் கறையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, பழகிய கை போலச் சாவியைப் பிடித்து, பின்னால் திருப்பிவிட்டாள்.

இஞ்சின் நின்றது. தெருவே திடீரென்று அமைதியானது போலிருந்தது. ஏழாம் நம்பர் பதறிப்போய்ச் சாவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இனிமே எடுக்காதுல்ல?" என்று கேட்டாள் அம்மா.

"எடுக்காதுங்க."

அம்மா சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்ப உள்ள வாங்க. டீ போடறேன்."